நாக்குப்பூச்சி போச்சு, கீரிப்பூச்சி போகவில்லை

தேவதானம் பக்கம் பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்கு இரண்டு பேர் உண்டு: நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி. முதலாவது மண்புழு நிறத்தில் ஒரு சாணையும் தாண்டி நீளும். அது வெளியே வரும்போது பிள்ளையும் அலறும், பார்க்கிற தாயும் அலறுவாள். இரண்டாவது வெள்ளை வெளேரென்று மெலிசாக இருக்கும், அரை அங்குலம் இருந்தால் அதிகம். அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டையும் கண்ணால் கண்டவர்கள். இன்று பால்வாடிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் தாய்மாரில் பலருக்கு நாக்குப்பூச்சி காதால் கேட்ட சங்கதி மட்டும்தான். கீரிப்பூச்சியை அவர்களே போன மாதம் பார்த்திருப்பார்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுக்கும் அதே மாத்திரை. ஒன்று அதற்கு மசிந்தது, மற்றது மசியவில்லை. இந்த வித்தியாசத்துக்கு விடை வேண்டுமானால் மாத்திரையை விட்டுவிட்டு வீட்டைத்தான் பார்க்க வேண்டும். பாய், போர்வை, துவைக்கும் இடம், பிள்ளையின் நகம், ராத்திரி எரிகிற விளக்கு என்று எல்லாம் ஐம்பது வருஷத்தில் மாறியிருக்கிறது. எது பூச்சிக்குப் பாதகமாக மாறியது, எது சாதகமாக மாறியது என்று பார்த்தால் கணக்கு நாம் நினைக்கிற மாதிரி வராது.

இராஜபாளையத்திலிருந்து சிவகிரி போகும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஊர். சாஸ்தா கோயில் பக்கமிருந்து இறங்கும் தண்ணீர், கண்மாய், நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. நிழலும் ஈர மண்ணும் சேர்ந்த இப்படி ஒரு இடத்தை நாக்குப்பூச்சியிடம் கேட்டிருந்தால் அதுவே தேர்ந்தெடுத்திருக்கும். அதன் முட்டை வெளியே வந்தவுடன் யாரையும் பிடித்துவிடாது. மண்ணில் விழுந்து இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் அடுத்த வயிற்றில் வளரும். ஓடைக்கரையிலும் தோப்பு ஓரத்திலும் வெளிக்குப் போன காலத்தில் அதற்கு அந்த மண் தாராளமாகக் கிடைத்தது. கழுவாமல் கடித்த மாங்காய், மண்ணளைந்த கை, அவ்வளவுதான் வழி. கொக்கிப்புழுவுக்கும் மண்தான் பாதை. அது வாய்க்காகக் காத்திருக்காமல் செருப்பில்லாத பாதத்தைத் துளைத்து ஏறிவிடும்.

அன்றைக்கு வைத்தியம் என்றால் பேதிக்குக் கொடுப்பது. முழுப் பரீட்சை லீவு விட்டதும் ஒரு நாள் குறிப்பார்கள். ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து வீட்டிலேயே காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய், விடிகாலையில், வெறும் வயிற்றில். பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, சித்தப்பா காலை அமுக்க, அத்தை கையைப் பிடிக்க, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவார்கள். ஊற்றி முடிந்ததும் சூடாகக் கடுங்காப்பி. பிறகு மத்தியானம் வரைக்கும் பிள்ளைக்கு வேறு வேலை கிடையாது. அப்பத்தா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். "எத்தனை விழுந்துச்சு?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். எண்ணிச் சொல்வாள். சாயங்காலம் மோர்ச்சோறு கொடுத்துப் பேதியை நிறுத்துவார்கள்.

இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆனால் அது நல்ல வைத்தியம் அல்ல. விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லாது. குடலை அலசித் தள்ளும்போது சில புழுக்கள் சேர்ந்து வரும், அவ்வளவே. சவலைப் பிள்ளைக்கு அதே பேதி நீர்ச்சத்தைச் சுண்டவைத்து ஆளையே சாய்த்துவிடும். எந்தக் குழந்தை மருத்துவரும் இன்று அதற்குச் சம்மதிக்க மாட்டார். வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்த உருண்டை, சுண்டைவற்றல், பாகற்காய் எல்லாம் அந்த வரிசையில் அடுத்து வரும். நாக்குக்குக் கசப்பாக இருந்தால் பூச்சிக்கும் கசக்கும் என்பது அன்றைய நியாயம். சாப்பாட்டோடு சேர்ந்தவரை அவற்றால் கெடுதல் இல்லை. கீரிப்பூச்சியை அவை விரட்டும் என்பதற்கு நம்பகமான ஆதாரமும் இல்லை. ஆடுதீண்டாப்பாளையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பூச்சிக்குக் கைகண்ட மருந்து என்று அந்தச் செடியின் கஷாயத்தைச் சிலர் இன்னமும் சிபாரிசு செய்கிறார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது. பிள்ளை வாயில் அதை வைக்கவே கூடாது.

கீரிப்பூச்சி விளக்கெண்ணெய்க்கு என்றைக்குமே அடங்கியதில்லை. அதன் ஆட்டம் ராத்திரியில். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சிணுங்கும், புரளும், காலை உதைக்கும். "குண்டி அரிக்குதும்மா." அம்மா சிம்னி விளக்கை அருகில் இழுத்து, பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு விரலால் விலக்கிப் பார்ப்பாள். ஆசனவாய் ஓரத்தில் வெள்ளையாக ஒன்றிரண்டு நெளியும். பழைய வேட்டித் துணியைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து ஒற்றி எடுப்பாள். சிலர் வேப்பெண்ணெய் தடவுவார்கள். பிள்ளை தூங்கிவிடும். இதை நான் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க மாட்டேன். புழு இருக்கிறதா என்று உறுதி செய்ய இன்றைக்கு மருத்துவர் சொல்லும் முறையும் கிட்டத்தட்ட இதுவேதான். அதே நேரம், அதே இடம். சிம்னி விளக்குக்குப் பதில் செல்போன் டார்ச், அது ஒன்றுதான் மாற்றம்.

அந்த நேரத்தில் வெளியே வருவது பெண் புழு. பகலெல்லாம் பெருங்குடலின் தொடக்கத்தில் கிடந்துவிட்டு, பிள்ளை அசந்து தூங்கும்போது இறங்கி வந்து, தோல் மடிப்பில் பத்தாயிரத்துக்கும் மேல் முட்டை இட்டு ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். ஊசி முனையில் தேடினாலும் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள். அந்த ஒட்டுப் பசையும் புழுவின் நெளிவும் சேர்ந்துதான் அரிப்பு. பிள்ளை சொறிகிறது, முட்டை நகக்கண்ணில் ஏறுகிறது, விடிந்ததும் விரல் வாய்க்குப் போகிறது. நாக்குப்பூச்சி முட்டைக்கு மண்ணும் மூன்று வாரமும் தேவைப்பட்டது என்றேன். இதற்கு மண்ணே வேண்டாம். நாலு முதல் ஆறு மணி நேரம் போதும். ராத்திரி பதினோரு மணிக்கு இட்ட முட்டை காலை இட்லிக்கு முன்னால் தயார்.

இந்த ஒரு விவரத்தில்தான் அன்றும் இன்றும் பிரிகிறது. மண் வழியை அடைக்க நாம் நிறையச் செய்துவிட்டோம். பிள்ளைகள் காலில் செருப்பு ஏறியது. அங்கன்வாடி, சத்துணவு என்று ஒவ்வொன்றாக வந்தன. 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய பிறகு, தட்டும் கையும் கழுவிவிட்டு வரிசையில் உட்காருவது பள்ளிக்கூடத்துப் பழக்கமாயிற்று. 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் வருவதற்கு முன்னும் பின்னுமாக வீட்டுக்கு வீடு கழிப்பறை எழும்பியது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை எல்லாருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்னும் மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. அமெரிக்காவில் கால்நடைகளுக்காகக் கண்டுபிடித்து, 1980-களில் மனிதருக்கு வந்த மருந்து அது. கிடையாடுகளுக்கு மருந்து புகட்டுகிற கீதாரிக்கும் இந்தப் பேர் தெரியும்.

இந்தக் குடற்புழு நீக்கத் திட்டம் பேர் சொல்லிக் குறிவைப்பது மண் வழியாகப் பரவும் புழுக்களை. கீரிப்பூச்சி அந்தப் பட்டியலில் இல்லை. மாத்திரை அதையும் கொல்லும் என்பதால் பிப்ரவரி 10 ராத்திரி பல வீடுகளில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. மார்ச் கடைசியில் மறுபடி அரிக்கிறது. "மாத்திரை வேலை செய்யல" என்று தாய் முடிவு கட்டிவிடுகிறாள். மாத்திரை வேலை செய்தது. அன்று வயிற்றில் இருந்த புழுவெல்லாம் செத்தது. ஆனால் முட்டையை அது ஒன்றும் செய்யாது. நகத்திலும் போர்வையிலும் தலையணை உறையிலும் இருந்த முட்டை மறுபடி உள்ளே போய், ஒரு மாதத்தில் முட்டையிடும் புழுவாகி நிற்கிறது. அதனால்தான் கீரிப்பூச்சி என்று தெரிந்தால் சரியாக இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை அதே மருந்து. புதிதாக உள்ளே போனவை வளர்ந்து முட்டையிடும் முன்னால் அவற்றைப் பிடித்துவிடுகிற கணக்கு அது. பள்ளியில் அந்த இரண்டாவது தவணை கிடையாது. பிப்ரவரி 24-ஆம் தேதியை வீட்டுக் காலண்டரில்தான் வட்டம் போட வேண்டும்.

வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும் என்பது அடுத்தது. ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் படுக்கிறவர்களுக்கும் இருக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அரிப்பே தெரியாது, ஆனால் முட்டையைச் சுமப்பார்கள். இங்கேதான் குடும்பத்தில் இழுபறி.

"அத்தை, நீங்களும் ஒண்ணு போட்டுக்கோங்க. டாக்டர் எல்லாரையும் போடச் சொன்னாரு."

"எனக்கெதுக்குத்தா? நான் விளக்கெண்ணெய் குடிச்ச உடம்பு. உம் புருசனுக்குக் குடு."

புருஷன் அதற்குள் பைக்கை எடுத்திருப்பான். "பூச்சி மருந்து சின்னப் பிள்ளைங்க சாப்பிடுறது" என்பது ஆண்களின் கட்சி. மருந்துக்கடையில் சிரப் கேட்டால் பத்து மில்லி குட்டி பாட்டில் கொடுப்பார்கள், ஐந்து மில்லியில் 200 மில்லிகிராம், அதாவது முழு பாட்டிலும் ஒரே வேளைக்கு. இது தெரியாமல் காலையில் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் என்று இருமல் மருந்து மாதிரி மூன்று நாளைக்குப் பங்குபோடும் வீடுகள் உண்டு. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மருந்து கொடுக்க முடியாத நிலையில் ஆறு வாரம் சுத்தத்தை விடாமல் கடைப்பிடித்தே புழுவைத் தீர்க்கலாம். உள்ளே இருப்பவை ஆயுள் முடிந்து சாகும், புதிதாக எதுவும் போகாது.

இனி துணி. தேவதானம் கோயில் சாமிக்கு நச்சாடை தவிர்த்தவர் என்று பேர். சோழன் அனுப்பிய விஷ ஆடையிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றிய கதை. அந்தக் கோயில் இருக்கிற ஊரிலேயே நாம் துணியைச் சந்தேகப்பட மறந்துவிட்டோம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அன்று அழுக்குத் துணி சலவைத் தொழிலாளி வீட்டுக்குப் போகும். உவர்மண் போட்டு, வெள்ளாவி வைத்து, ஆவியில் அவித்து, கண்மாய்க் கரை வெயிலில் உலர்த்தி வரும். எந்த முட்டையும் அதில் தப்பாது. கோரைப்பாயைக் காலையில் சுருட்டி எடுத்து, வாரம் ஒருமுறை வெயிலில் விரிப்பார்கள். சூடும் உலர்ச்சியும் கீரிப்பூச்சி முட்டைக்கு ஆகாது. கொளுத்தும் வெயிலில் சீக்கிரம் சாகும் அதே முட்டை, குளுகுளு நிழலில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு கிடக்கும். இன்று வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின், அதில் பச்சைத் தண்ணீர். கட்டிலோடு போட்ட மெத்தை, வாங்கிய நாளிலிருந்து வெயிலைக் கண்டதில்லை. ஜன்னலுக்குத் திரை, ஏசி. பளிச்சென்று இருக்கிற படுக்கையறைதான் பூச்சி முட்டைக்குப் பழைய மண் வீட்டைவிடத் தோதான இடம்.

அதற்காக அந்தக் காலம்தான் சுகாதாரம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஒரே பாயில் ஆறு பிள்ளைகள் வரிசையாகப் படுத்தது அந்தக் காலம்தான். சோப்பு வாரம் ஒருமுறை வந்த சாமான். வெள்ளாவியின் சூட்டில் வெந்தது முட்டை மட்டுமல்ல, அந்த வேலையை விட முடியாமல் தலைமுறையாகச் செய்தவர்களின் உடம்பும்தான். அவர்கள் பிள்ளைகள் அதிலிருந்து வெளியேறியது நல்லது. நமக்கு வேண்டியது சுடுதண்ணீரும் வெயிலும். இராஜபாளையம் சீமையில் வெயிலுக்குப் பஞ்சமா? மருந்து கொடுக்கிற அன்று காலை படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, உள்ளாடை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் போட்டுத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் உச்சி வெயிலுக்குப் போட்டால் போதும். மெத்தையையும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தலாம். விரிப்பை எடுக்கும்போது உதறக் கூடாது. உதறினால் முட்டை தூசியோடு பறந்து மூக்குக்கும் வாய்க்கும் வரும். அப்படியே சுருட்டி எடுக்க வேண்டும். அன்று அறையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல்.

அதைவிடப் பெரிய வேலை காலைக் கழுவல். ராத்திரி இட்ட முட்டை விடியும்போது தோலில்தான் இருக்கிறது. பிள்ளை எழுந்ததும், பல் தேய்க்கும் முன்னால், பின்பக்கத்தைத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஜட்டியை மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அன்றைய முட்டையில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ராத்திரி இறுக்கமான ஜட்டி போட்டுவிட்டால் தூக்கத்தில் விரல் நேராகப் படாது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். திங்கட்கிழமை காலை பிரேயரில் நகம் பார்த்து, நீளமாக இருந்தால் முட்டியில் ஸ்கேலால் ஒன்று வைத்த வாத்தியார்கள் இப்போது இல்லை. அடி போனது நல்லதுதான். நகம் பார்க்கிறதும் கூடவே போய்விட்டது. 2020-இல் கொரோனா வந்து இருபது விநாடி கை கழுவக் கற்றுக்கொடுத்தது. எத்தனை வீட்டில் அது நிலைத்தது என்று வாசல் குழாயடியில் நின்று பார்த்தால் தெரியும்.

பேச்சும் மாறிவிட்டது. அன்று பூச்சி விழுந்த எண்ணிக்கையைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கச் சொன்னார்கள். இன்று மருந்துக்கடைக் கவுண்டரில் மற்றவர்கள் நகரும் வரை நின்று, "பூச்சி மருந்து ஒண்ணு" என்று தாய் காதோடு சொல்கிறாள். யூகேஜி வாட்ஸ்அப் குழுவில் டியூஷன் முதல் தீபாவளிச் சீட்டு வரை பேசுவார்கள், இதை யாரும் பேச மாட்டார்கள். வகுப்பில் ஒரே பெஞ்சில் இருக்கும் நாலு பிள்ளைகளும் அரித்துக்கொண்டிருக்கும், ஒவ்வொரு தாயும் தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருப்பாள். அமெரிக்காவிலும் மிக அதிகமாகக் காணப்படும் குடற்புழு இந்தக் கீரிப்பூச்சிதான். யூட்டா மாநிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய காய்ந்த மனித மலத்தில்கூட இதன் முட்டை இருந்தது. வசதி, படிப்பு, டைல்ஸ் எதையும் பார்த்து ஒதுங்குகிற ஜந்து அல்ல.

வெட்கம் அதிகம் படுத்துவது பெண் குழந்தையைத்தான். புழு வழிதவறி முன்பக்கம் போய்விடும். அங்கே அரிப்பு, எரிச்சல், சிலசமயம் வெள்ளையாக ஒழுக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு இதென்ன என்று தாய் பதறுவாள், வெளியே சொல்லவும் தயங்குவாள். ராத்திரியில் கூடுகிற அரிப்பென்றால் முதலில் கீரிப்பூச்சியைத்தான் நினைக்க வேண்டும். மருந்துக்குப் பிறகும் நிற்காவிட்டால், காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால், மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தால் நம்பிவிடுவதும் உண்டு. முட்டை தோலில் இருக்கிறது, மலத்தில் பெரும்பாலும் கிடைக்காது. காலையில் கழுவும் முன் ஆசனவாய் ஓரத்தில் செலோ டேப்பை ஒட்டி எடுத்துக் கண்ணாடியில் பதித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் சரியான சோதனை. 1941-இல் கிரஹாம் என்பவர் சொன்ன முறை, இன்றைக்கும் அதைவிட எளிதாக ஒன்று வரவில்லை.

பழி போடுகிறதில் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். மிட்டாய் தின்றால் பூச்சி வரும், பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி, கன்னத்தில் வெள்ளையாகத் தேமல் வந்தால் பூச்சி. இனிப்பில் முட்டை இல்லை, அதைத் தின்ற கையில்தான் இருந்தது. தேமலுக்கும் பல் கடிக்கும் கீரிப்பூச்சி காரணம் என்று யாரும் நிரூபித்ததில்லை. வீட்டு நாய் மீதும் பழி விழும். இராஜபாளையம் நாய் பேர்பெற்ற ஊர்ப்பக்கம் இது, வெள்ளை நாயைக் கட்டி வளர்க்கிற வீடுகளில் பிள்ளை சொறிந்தால் முதலில் நாய்க்குத்தான் ஊசி. நாய்க்கு அதன் புழுக்கள் தனியாக உண்டு, அவற்றுக்கு மருந்து கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் கீரிப்பூச்சி வாழ்வது மனிதக் குடலில் மட்டும்.

மே மாதம் வந்துவிட்டால் இந்தப் பழி ஊர் விட்டு ஊர் தாவும். சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் பொதிகை எக்ஸ்பிரஸில் இராஜபாளையத்தில் இறங்கி, அம்மாச்சி வீட்டு மாடியில் அத்தை பிள்ளைகளோடு வரிசையாகப் படுப்பார்கள். மூன்றாம் நாள் ராத்திரி சென்னைப் பிள்ளை ஒன்று சொறிய ஆரம்பிக்கும். "உங்க ஊர்த் தண்ணி, மண்ணுலயே விளையாடுதுங்க" என்று மருமகன் முகத்தைச் சுளிப்பார். அம்மாச்சி வாயடைத்து நிற்பாள். அவளுக்காகக் கணக்கை இங்கே போட்டு வைக்கிறேன். முட்டை வாய்க்குள் போய், புழுவாகி, முட்டையிட ராத்திரியில் வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வந்த மூன்றாம் நாளே அரித்தால் அது தேவதானத்தில் பிடித்தது அல்ல மாப்பிள்ளை, உங்களோடு பொதிகையில் டிக்கெட் இல்லாமல் வந்தது.